குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறவர்களுக்கு

கடலூரில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் குழந்தையையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால், அன்று சாயங்காலத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "துணைக்கு யார் போறது?" அம்மா கூடவே இருப்பாள், அதைப் பேசவே வேண்டாம். அப்பா பணத்துக்கும் லீவுக்கும் அலைந்துகொண்டிருப்பார். இன்னும் ஒருவர் வேண்டும். பெரியம்மா, சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, சில வீடுகளில் காலேஜ் படிக்கும் மாமா. முதல் தடவையாக அப்படிக் கிளம்புகிற அந்த ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மூன்று தடவை போயிருக்கிறேன். முதலில் தங்கை மகனின் குடலிறக்க ஆபரேஷனுக்கு. அப்போது அவனுக்கு ஐந்து வயது. அப்புறம் ஒரு நிமோனியா, ஒரு டெங்கு. முதல் தடவை நான் செய்ததில் பாதிக்கு மேல் தப்பு. உதவியாக இருக்கட்டும் என்று அவனை நான் மடியில் வைத்துக்கொண்டு, "நீ போய் மருந்து வாங்கிட்டு வாடி" என்று தங்கையை அனுப்பினேன். அவள் மருந்துக்கடை வரிசையில் நின்ற நேரத்தில்தான் ரத்தம் எடுக்க வந்தார்கள். அவன் அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று இரவு டியூட்டியில் இருந்த வயதான சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "புள்ளைய அவங்க பாத்துக்கட்டும்மா, கடைக்கு நீங்க போங்க" என்றார். அன்றிலிருந்து அதுதான் எனக்குக் கணக்கு. அம்மாவைக் குழந்தையின் பக்கத்திலிருந்து எழுப்பாமல் பார்த்துக்கொள்வதுதான் துணைக்குப் போனவரின் வேலை. வரிசை, பில், ரிப்போர்ட், வெந்நீர், இட்லி எல்லாம் உங்களுடையது.

இது வெறும் பாசத்தில் சொல்வது இல்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் குழந்தையைச் சேர்த்துக்கொண்டு பெற்றோரை வீட்டுக்கு அனுப்பிவிடும்; எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் அப்படி விடப்பட்ட சின்னக் குழந்தைகளைக் கவனித்து, 1952-இல் படம் பிடித்தே காட்டினார். குழந்தை முதலில் கத்தி அழுகிறது, பிறகு சோர்ந்து ஒடுங்குகிறது, கடைசியில் ஒன்றுமே நடக்காததுபோல் அமைதியாகிவிடுகிறது. அந்த அமைதியைப் பார்த்துத்தான் 'பழகிவிட்டது' என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த குழு, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தையோடு அம்மா தங்க வழி செய்ய வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. நம் ஊரில் அம்மா தங்குவது முன்பிருந்தே வழக்கம். ஆனால் தங்கிய அம்மாவை நாள் முழுக்க ஓடவிட்டால் அவள் தங்கியும் பிரயோஜனமில்லை.

கிளம்பும் முன்

கடலூரிலிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால், பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகு கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்கோ, எல்லைப்பிள்ளைச்சாவடியில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். காய்ச்சலில் இருக்கும் குழந்தையோடு அது நீளமான பயணம்தான். ஓ.பி.க்குப் போவதாக இருந்தால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

காகிதங்கள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும்: ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, தடுப்பூசி அட்டை, பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் மருந்துகளின் அட்டைகள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் புதுச்சேரி தனி அரசாங்கம், ஜிப்மரோ மத்திய அரசுடையது. உங்கள் அட்டை அங்கே செல்லுமா, செல்லாவிட்டால் வேறு எந்த வழியில் சலுகை கிடைக்கும் என்பதைச் சேர்க்கிற நாளிலேயே கவுண்ட்டரில் கேட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் அலைச்சல்தான் மிச்சம்.

பையில் பாய், பழைய காட்டன் சேலை இரண்டு, பக்கெட், மக், பிளாஸ்க், டம்ளர், சின்னப் பூட்டு, சார்ஜர், ஒரு நோட்டு, பேனா. இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. குழந்தை வீட்டில் எதைப் பிடித்துக்கொண்டு தூங்குமோ அது. கிழிந்த போர்வையோ, ஒரு கை போன பொம்மையோ, துவைக்காமல் அப்படியே எடுத்து வாருங்கள். வீட்டு வாசனை அதில்தான் இருக்கும். தங்கை மகனுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன கார். அதை மறந்து வந்துவிட்டதால் அவன் அப்பா மறுநாள் கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டுக்குத் திரும்பிப் போய் எடுத்து வந்தார்.

குழந்தையிடம் என்ன சொல்வது

இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எல்லா வீட்டிலும் தப்பு நடப்பது இங்கேதான்.

"பாண்டிக்கு ஊர் சுத்தப் போறோம், பீச்சுக்குப் போறோம்" என்று சொல்லிக் கூட்டி வராதீர்கள். வார்டு வாசலில் குழந்தைக்குப் புரிந்துவிடும், நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று. அதற்கப்புறம் "இந்த மாத்திரை கசக்காது" என்று நீங்கள் உண்மையைச் சொன்னாலும் அது நம்பாது. எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. "ஊசியெல்லாம் கிடையாதுடா" என்று ஒரு பெரியவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அரை மணி நேரத்தில் ஊசி வந்தது. அடுத்த மூன்று நாள், தெர்மாமீட்டரை எடுத்தாலும் அவன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான்.

எப்போது சொல்வது என்பது வயதைப் பொறுத்தது. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் நாள் சொன்னால் போதும். நான்கிலிருந்து ஆறு வயது என்றால் இரண்டு மூன்று நாள் முன்பு. பள்ளிக்குப் போகும் பெரிய பிள்ளைக்கு ஒரு வாரம் முன்பே சொல்லி, கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். வார்த்தைகள் எளிமையாக இருக்கட்டும்: "உன் வயித்துல ஒரு சின்ன வீக்கம் இருக்குல்ல? அதை டாக்டர் சரி பண்ணுவாரு. அப்போ நீ தூங்கிட்டு இருப்ப, வலி தெரியாது. எழுந்ததும் கொஞ்சம் வலிக்கும், அதுக்கு மருந்து கொடுப்பாங்க. அம்மா இருப்பாங்க."

மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளிடம் ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும்: "நீ எந்தத் தப்பும் பண்ணல." இந்த வயதில், தான் சேட்டை செய்ததால்தான் இந்தத் தண்டனை என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்வார்கள். வாய் திறந்து கேட்க மாட்டார்கள். நாமும் ஐஸ் சாப்பிட்டதற்கும் வெயிலில் ஆடியதற்கும் முன்பு திட்டியிருப்போம், அதை அவர்கள் மறப்பதில்லை. "சாப்பிடலேன்னா ஊசி போட்டுடுவாங்க" என்கிற மிரட்டலை இன்றோடு விட்டுவிடுங்கள். காப்பாற்ற வருகிற சிஸ்டரைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டு, அவரிடமே குழந்தையைக் கையை நீட்டச் சொன்னால் எப்படி நீட்டும்?

பன்னிரண்டு வயதுக்கு மேல் கதை வேறு. அவர்களுக்கு வலியைவிட வெட்கம் பெரிது. பெண் பிள்ளையோ பையனோ, பரிசோதிக்கும்போது திரை போடச் சொல்லிக் கேளுங்கள். அவர்களை வைத்துக்கொண்டே அவர்களைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் போனில் விவரிக்காதீர்கள்.

ஊசி நேரம்

டிரிப்ஸ் போட வருகிறார்கள் என்றால் முதலில் நீங்கள் பதறாமல் இருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அம்மா பயப்படுவாள், அம்மா முகத்தைப் பார்த்துக் குழந்தை.

நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துப் படுக்க வைப்பதுதான் பல இடங்களில் வழக்கம். அதைவிட நல்ல வழி இருக்கிறது. அம்மா உட்கார்ந்துகொள்ளட்டும். குழந்தை அம்மாவைப் பார்த்தபடி மடியில், நெஞ்சோடு நெஞ்சாக. அம்மாவின் ஒரு கை முதுகைச் சுற்றி. ஊசி போடும் கை மட்டும் வெளியே நீண்டிருக்க, அதை ஒருவர் அசையாமல் பிடித்தால் போதும். "மடியில வச்சுக்கலாமா சிஸ்டர்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். நிறைய பேர் சரி என்பார்கள். நரம்பு கிடைக்கச் சிரமமாக இருந்து, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அவர்கள் வேலையும் சுலபமில்லை. பால் குடிக்கும் குழந்தைக்கு அந்த நேரத்தில் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலே வலி குறையும். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு ஒன்று உண்டு. ஆனால் ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும் என்பதால், அவசரமில்லாத ரத்தப் பரிசோதனை என்றால் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

சொல்ல வேண்டியது: "சுருக்குன்னு வலிக்கும். பத்து எண்ணு, முடிஞ்சிடும். அழுதா அழுதுக்கோ, கையை மட்டும் ஆட்டாத." இதில் குழந்தைக்கு ஒரு வேலை இருக்கிறது. எண்ணுவதும், கையை ஆட்டாமல் வைப்பதும். சின்னப் பிள்ளைகளை ஊதச் சொல்லுங்கள், பலூனோ சோப்புக் குமிழியோ, ஒன்றும் இல்லாவிட்டால் உங்கள் விரலை மெழுகுவர்த்தி என்று நீட்டி அணைக்கச் சொல்லுங்கள். "ஆம்பளப் புள்ள அழலாமா?" மட்டும் வேண்டாம். வலித்தால் யாரும் அழலாம்.

ஊசி போட்டு முடிந்த பிறகு ஒரு விஷயம். அந்த முதல் தடவை, டிரிப்ஸுக்காக வென்ஃப்ளான் போட்ட கையைத் தங்கை மகன் இரண்டு நாள் அசைக்கவே இல்லை. தலையணை மேல் வைத்தபடி, விரலைக்கூட மடக்காமல், தூக்கத்திலும் விறைப்பாக வைத்திருந்தான். இட்லியை இடது கையால்தான் எடுத்தான். கேட்டால் பதில் இல்லை. அப்புறம் அம்மா காதில் மெதுவாகச் சொன்னான்: "உள்ள ஊசி இருக்கு, ஆட்டினா குத்தும்." யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, ஊசியை அப்போதே உருவிவிட்டார்கள், உள்ளே இருப்பது வளையக்கூடிய சின்னக் குழாய் மட்டும்தான் என்று. சிஸ்டரைக் கேட்டு, பிரிக்காத ஒன்றை எடுத்துக் காட்டச் சொன்னோம். அவர் ஊசியைத் தனியாக உருவி, அந்த மெல்லிய குழாயை அவன் விரலில் வைத்து வளைத்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் காரை அந்தக் கையாலேயே உருட்டினான். போட்ட இடம் வீங்கினாலோ, சிவந்தாலோ, மருந்து போகும்போது எரிச்சல் என்று குழந்தை சொன்னாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

ரவுண்ட்ஸும் நோட்டும்

காலையில் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது அம்மாவுக்கு எல்லாக் கேள்வியும் மறந்துபோகும். இரவு முழுக்கத் தூங்காதவள் அவள். முதல் நாள் ராத்திரியே அவளிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்: காய்ச்சல் எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது, எத்தனை தடவை சிறுநீர் போனான், என்ன சாப்பிட்டான், இன்று என்ன டெஸ்ட், ரிப்போர்ட் எப்போது வரும். டெங்கு வார்டில் இந்தச் சிறுநீர்க் கணக்கையும், எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதையும் தினமும் கேட்டார்கள். நோட்டு கையில் இருந்ததால் நாங்கள் யோசிக்காமல் சொன்னோம்.

ஜிப்மர் போன்ற இடத்தில் டாக்டர்களும் நர்ஸ்களும் பல மாநிலத்துக்காரர்கள். சிலருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். புரியாமல் தலையாட்டிவிடாதீர்கள். "தமிழ் தெரிஞ்ச ஒருத்தரை வச்சு இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்: "அப்போ இன்னைக்கு ராத்திரியிலேர்ந்து டிரிப்ஸ் வேணாம், வாய் வழியாவே குடுக்கலாம், சரிங்களா?" தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.

ஆபரேஷன் நாள்

மயக்கம் கொடுப்பதற்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாகச் சாப்பாடும் மாட்டுப்பாலும் 6 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். உங்களுக்கு டாக்டர் சொன்ன நேரம்தான் முடிவு. இதில் உண்மையான ஆபத்து பாட்டிகளின் பாசம். "பச்சப் புள்ள, ஒரே ஒரு பிஸ்கட்" என்று முந்தானைக்குள்ளிருந்து வந்துவிடும். பாட்டியைத் திட்டாமல் காரணத்தைச் சொல்லுங்கள்: மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அம்மாவும் அப்போது குழந்தையின் கண் முன்னால் டீ குடிக்க வேண்டாம். வெளியே அனுப்பிச் சாப்பிட வைத்து, அந்தப் பத்து நிமிஷம் மட்டும் நீங்கள் உட்காருங்கள்.

அரைஞாண் கயிறு, தாயத்து, கைக்கயிறு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். வேறு யாரோ வந்து கத்தரியால் வெட்டும் வரை விடாதீர்கள். அது குழந்தையைவிட அம்மாவைத்தான் கலங்க வைக்கும். முதல் நாள் ராத்திரியே அம்மா கையாலேயே அவிழ்த்து, ஒரு துணியில் முடிந்து, தலையணைக்கு அடியில் வைக்கட்டும். திருநீறு பூசிக்கொள்ளலாம். ஆனால் ஆக்சிஜன் ஓடுகிற வார்டில் கற்பூரமோ ஊதுபத்தியோ ஏற்றவே கூடாது. நெயில் பாலிஷையும் அழித்துவிடுங்கள், ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கிளிப் சரியாகக் காட்டாது.

தியேட்டர் கதவு வரை அம்மா போகட்டும். குழந்தை கண் விழிக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று முன்பே கேட்டு, அதைக் குழந்தையிடமும் சொல்லுங்கள். ஐ.சி.யூ.வில் வைத்து யாரையும் உள்ளே விடவில்லை என்றால், குழந்தையின் பொம்மையை உள்ளே வைக்கலாமா என்று கேளுங்கள். அம்மா பாடுகிற தாலாட்டையோ வீட்டுப் பேச்சையோ போனில் பதிவு செய்து கொடுத்தால் போட்டுவிடுகிற சிஸ்டர்கள் இருக்கிறார்கள்.

நாள் முழுக்க

வார்டில் நேரம் நகராது. விளையாட்டு அங்கே மருந்து மாதிரிதான். தரையில் உருட்டி விளையாட வழியில்லை, அதனால் கட்டிலில் முடிவதைப் பாருங்கள்: கிரேயான், நண்டூறுது நரியூறுது, மாத்திரை டப்பாவில் வீடு, பில் காகிதத்தில் கப்பல். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வளர்ந்த பிள்ளைகள் டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பார்த்ததும் பாய்மரம் என்றுவிடுவார்கள். அதற்கப்புறம் கட்டில் படகுதான். போனைக் கொடுக்கலாம், நெபுலைசர் வைக்கும் நேரத்தில் ரொம்ப உதவும். சத்தத்தைக் குறைத்து வையுங்கள், பக்கத்துக் கட்டிலில் தூங்கும் குழந்தைக்கு நேற்று ராத்திரி எப்படிப் போனதோ.

சாப்பாட்டில் ஒரே விதி, கேட்டுக் கொடுப்பது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இளநீர் வாங்கி வருவார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கு அதில் உள்ள பொட்டாசியம் கெடுதல். சீசனில் பண்ருட்டிப் பலாச்சுளையோடும் வருவார்கள். நெஞ்சுச் சளியோடு வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த வாசனையே போதும், திரும்ப ஆரம்பித்துவிடும்.

பார்க்க வருகிறவர்களைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு. வெளியே மரத்தடியில் உட்கார வைத்து, நீங்களே விவரம் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். "இப்படித்தான் எங்க ஊர்ல ஒரு புள்ளைக்கு..." என்று ஆரம்பிப்பவரை அந்த வாக்கியம் முடியும் முன் எழுப்பிவிடுங்கள்.

அம்மா குளித்தாளா, உட்கார்ந்து சாப்பிட்டாளா என்று பாருங்கள். குழந்தை தூங்கும்போது அவளும் படுக்கட்டும், அரை மணி நேரம் நீங்கள் விழித்திருங்கள். "தைரியமா இரு" என்று சொல்வதைவிட அவள் அழும்போது பக்கத்தில் பேசாமல் உட்காருவது மேல். வராந்தாவில் நிற்கும் அப்பாவுக்கும் பயம்தான். அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். சாயங்காலம் வந்து கதை சொல்வது, ராத்திரிச் சாப்பாடு ஊட்டுவது, ஏதாவது ஒன்று அவருடையதாக இருக்கட்டும்.

வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அவளுக்கும் அம்மா பக்கத்தில் இல்லை என்பதுதான் விஷயம். தினமும் ஒரே நேரத்தில் வீடியோ காலில் பேச வையுங்கள், அதில் அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் நாலு வார்த்தை கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் மூன்றைக் கேட்டு, சீட்டின் பின்னாலேயே தமிழில் எழுதுங்கள்: எந்த மருந்து எத்தனை மணிக்கு எத்தனை நாள், மறுபடி எப்போது காட்ட வேண்டும், என்ன நடந்தால் அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் ஓடி வர வேண்டும். ராத்திரியில் அவசரம் என்றால் 108.

வந்த பிறகு குழந்தை கொஞ்ச நாள் பழைய குழந்தையாக இருக்காது. படுக்கையில் சிறுநீர் போகும், விரல் சூப்பும், அம்மா பாத்ரூம் போனாலும் பின்னாலேயே போகும், ராத்திரி அலறி எழும். இதற்காகத் திட்ட வேண்டாம், அடம் என்று நினைக்கவும் வேண்டாம். பெரும்பாலும் சில வாரத்தில் தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊசி போடுகிற விளையாட்டு விளையாடினால் தடுக்காதீர்கள். தங்கை மகன் பத்து நாளுக்கு மேல் வீட்டில் எல்லோருக்கும் ஊசி போட்டான். பேனா மூடிதான் ஊசி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கும் பெரியம்மா, பத்து எண்ணுங்க" என்பான். எட்டிலேயே நிறுத்தினால் விட மாட்டான்.

மறுபடி காட்டப் போக வேண்டிய நாள் வந்தது. பஸ் ஏறும் முன்பே கேட்டுவிட்டான், "இன்னைக்கு ஊசி உண்டா?" என்று. இல்லை என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. "எனக்குத் தெரியலடா. போனதும் முதல்ல டாக்டரைக் கேக்குறேன், கேட்டதும் உங்கிட்ட சொல்றேன்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். அப்புறம் மஞ்சள் காரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் ஓர சீட் வேண்டும் என்று முன்னால் ஓடினான்.